சத்தம் வருது, படத்தைக் காணோம்

கணினியில் கிடக்கும் படத்தையும் பாட்டையும் வயர் இல்லாமல், டிவியோடு பொருத்திய கேம் விளையாடும் பெட்டிக்கு அனுப்பி, டிவியில் ஓட விடுவது லேசான வேலைதான். இரண்டுக்கும் நடுவில் குடியிருக்கும் மனிதர்கள்தான் கஷ்டம். இதே தொழிலில் மண்டை காய்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கண்டி டவுனில் ஒரு கடையில் இரண்டு வருடம் கவுண்டரில் நின்று மவுஸும் கேபிளும் விற்றேன். வீடுகளுக்குப் போய் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை. பொம்பளைப் பிள்ளை போனால் ஆட்கள் நம்ப மாட்டார்கள் என்று முதலாளி தட்டிக் கழித்தார். என் நச்சரிப்பு தாங்காமல் ஒரு நாள் இறங்கி வந்தார்.

“மூணு வீடு தர்றேன் தங்கச்சி. எங்கயிருந்தாவது ‘வேற ஆளை அனுப்புங்க’ன்னு போன் கோல் வந்துச்சு, அப்புறம் கவுண்டரை விட்டு அசையக் கூடாது.”

சட்டை போட்ட ரவுட்டர்

கட்டுகஸ்தோட்டையில் ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவரின் வீடு. பாட்டு இரண்டு வரி பாடும், நிற்கும், மறுபடி பாடும். கணினியிலும் பிழையில்லை, கேம் பெட்டியிலும் பிழையில்லை. வைஃபை ரவுட்டர் எங்கே என்று கேட்டதும் வீட்டம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள், விருந்தாளிகளுக்கென்று வைத்த பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னால், நூலில் பின்னிய வெள்ளை உறைக்குள் அது மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

உறையைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தேன். பாட்டு தங்கு தடையில்லாமல் ஓடியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை.

“ஒரு மாசம் உக்காந்து பின்னினதுங்க. அந்தக் கேம் பெட்டிக்கு அளவு சரியா இருக்குமா?”

ஹாஜியாரின் சிக்கனம்

அலவத்துகொடையில் ஒரு ஹாஜியார், கணினியில் சேர்த்து வைத்த பயான்களை, அதாவது மார்க்கச் சொற்பொழிவுகளை, ஹோலில் சாய்ந்துகொண்டு கேட்க ஆசைப்பட்டார். எல்லாம் சரிசெய்து, ஓட விட்டுக் காட்டிவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். போன் வந்தது. “மகள், ஒண்டும் கேக்குதில்ல. முதலாளிக்குச் சொல்லவா?” வந்த வழியே ஓடினேன்.

கணினி அணைந்து, மேலே துணி போர்த்தி, கொசுவலை போட்ட குழந்தை மாதிரி பத்திரமாக இருந்தது. “எல்லாம்தான் டிவிக்கு வந்திட்டே, இனி இது என்னத்துக்கு?” என்றார். பயான் முழுக்கக் கணினியில்தான் இருக்கிறது, டிவிக்கு அது அவ்வப்போது பரிமாறுகிறது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அப்ப நான் சமையல்காரனை ஊட்டுக்கு அனுப்பிட்டு, வெறும் சஹன் தட்டுக்கு முன்னால குந்தி ஈந்திருக்கிறன்!”

சம்பந்தி வீட்டார் முன்னிலையில்

மூன்றாவது வீடு தெல்தெனியவில், ஒரு துணிக்கடைக்காரருடையது. மகளின் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வருகிறார்கள். அவர்களுக்குக் கல்யாண வீடியோவைப் பெரிய டிவியில் காட்ட வேண்டும். கல்யாணப் பெண்ணின் அம்மா கதவைத் திறந்து என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “வேலை செய்யிற பாஸ் வரலியா?” நான்தான் பாஸ் என்றேன். அவர் முகம் சுருங்கியது.

ஓட விட்டேன். மேளச் சத்தம் வீட்டை நிறைத்தது. திரையில் ஒரே இருட்டு. வீடியோக்காரர் கொடுத்திருந்த கோப்பின் வகை கேம் பெட்டிக்குப் புரியவில்லை. அதற்குள் சம்பந்திகள் வந்து கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். “கடைக்கு ஒரு கோல் போடுங்க,” என்று அம்மா கணவரின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. “நீங்க தேத்தண்ணியைக் குடுங்கம்மா, குடிச்சு முடியிறதுக்குள்ள படம் வரும்,” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

படத்தை ஓட ஓட மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் ஒன்று என் பென் டிரைவில் இருந்தது. அதைக் கணினியில் ஏற்றி, மறுபடி பிளே அழுத்தினேன். திரை வெளுத்தது. மணவறை, மாப்பிள்ளை, தலைகுனிந்த பெண், எல்லாம் பளிச்சென்று வந்தன. பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே கல்யாணம் ஆனது போல் இருந்தது.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார் மாப்பிள்ளையின் தாய்.

“எங்க வீட்டு டிவியிலயும் இப்பிடிப் பூட்டித் தரணும். கடையில வேற யாரையாச்சும் அனுப்பினா கதவைத் திறக்க மாட்டேன், நீங்களே வாங்க பாஸ்.”

இப்போது கவுண்டரில் நின்று மவுஸ் விற்பவர் முதலாளி; கண்டியைச் சுற்றி வீடு வீடாகப் போய், திட்டும் தேத்தண்ணியும் வாங்கிக் குடிக்கும் மகா பாக்கியம் முழுக்க எனக்கே.