நன்றிப் பக்கத்திலிருந்து எடுத்த பெயர்கள்

சென்னையில் வேலையிலிருந்த என் மகன், கணினியில் தமிழ் எழுதுவதற்கு ஒரு மென்பொருள் செய்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருந்தான். பணம் அனுப்பி உதவியவர்களின் பெயர்களைத் தனிப் பக்கத்தில் நன்றி சொல்லிப் போட்டிருந்தான்.

மிளகு விற்க மலையிலிருந்து பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கியபோது, என் மைத்துனர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஏனுங்க மாமா, பையன் கம்ப்யூட்டருல மொய் எழுதறானாமா? பந்தி எப்பங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்களுக்கு மொய் என்றால் திருப்பிச் செய்தாக வேண்டும். முகம் தெரியாதவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நான் எங்கே போய்ச் செய்வது? அன்றே சந்தையிலிருந்த டெலிபோன் பூத்திலிருந்து மகனுக்குப் போன் செய்தேன்.

"அந்தப் பேரெல்லாம் எடுத்துடு சாமி. வெளிய தலகாட்ட முடியல."

"இது மொய் இல்லீங்கப்பா. திருப்பித் தர வேண்டியதில்லீங்க."

நான் கேட்கவில்லை. அவனும் மனமில்லாமல் எடுத்துவிட்டான்.

சில வாரங்கள் கழித்து அவனே வீட்டுப் போனுக்குக் கூப்பிட்டான். "கனடாவுல ஒருத்தருங்கப்பா. செத்துப்போன அவங்கம்மா பேருல பணம் அனுப்பியிருந்தாரு. திதியன்னிக்கு அந்தப் பேரப் பாக்கலாம்னு பக்கத்தத் திறந்திருக்காரு. காணோமேன்னு கேட்டு எழுதியிருக்காருங்க."

"நீ என்ன சொன்ன?"

"தப்பு என்னுதுன்னு எழுதிட்டேனுங்க. எல்லாப் பேரையும் திரும்பப் போட்டுட்டேன்."

அப்பா சொல்லித்தான் எடுத்தேன் என்று எழுது என நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாவின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு ரிசீவரை வைத்தேன்.