ஆர்லீன் தேர்ந்தெடுத்த துப்பாக்கி

சுரங்க முகாம்களில் இருபத்திரண்டு வருஷம் சமைத்துக் கொட்டிய பிறகு, இடுப்பு இனி தாங்காது என்று தெரிந்ததும், ஆர்லீன் கோஸ்டாட் அலாஸ்காவில் ஆற்றங்கரையோரம் ஒரு மரவீட்டை வாங்கிக் குடியேறினாள். பக்கத்து வீடு என்று சொன்னால் அது ஏழு மைல் கீழே, பொறி வைத்து மிருகம் பிடித்துப் பிழைக்கிற வர்ஜிலுடையது.

அந்த இலையுதிர் காலத்தில் படகு கவிழ்ந்து அவளுடைய பழைய துப்பாக்கி ஆற்றோடு போனது. நவம்பரில் ஃபேர்பேங்க்ஸுக்குப் போனாள். குளிர்காலக் கறிக்கும் வாசல் காவலுக்கும் ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும். கடைக்காரர் முப்பது சின்னத் தோட்டா அடைக்கிற கறுப்புத் துப்பாக்கியைத்தான் திரும்பத் திரும்பப் புகழ்ந்தார். அவள் அதையும், கையால் இழுத்து அடைக்கிற கனத்த பழைய ரைஃபிள் ஒன்றையும் வெளியே உறைகுளிரில் தன் வண்டியில் இரண்டு மணி நேரம் போட்டுவைக்கச் சொன்னாள். பிறகு தடித்த கையுறையோடு இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். கறுப்பில் எண்ணெய் உறைந்து பசையாகியிருந்தது. எண்ணெயைத் துடைத்தெடுத்திருந்த பழையது சொன்னபடி கேட்டது. குறிபார்க்கும் கண்ணாடியையும் கழற்றித் தரச் சொன்னாள். அது பனி பூத்துவிடும்.

டிசம்பர் நடுவில் வீட்டைச் சுற்றிக் காலடிகள் வந்தன. பொடிப்பனி மூடி விளிம்பு மங்கியிருந்தாலும் குதிகாலும் விரல்களும் தெரிந்தன. வெறுங்கால். குளிரோ பூஜ்யத்துக்கு முப்பத்தைந்து டிகிரி கீழே. இருவழி வானொலியில் வர்ஜிலிடம் சொன்னாள்.

"கரடியெல்லாம் அக்டோபர்லயே தூங்கிடுச்சு ஆர்லீன். எவனாச்சும் பூட்ஸ் இல்லாம வந்திருந்தா, உள்ள கூப்பிட்டு ஒரு காபி குடு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் காலை, சன்னல் கண்ணாடியின் உறைபனியில் தட்டளவு வட்டம் ஒன்று உருகியிருந்தது. வெளியிலிருந்து யாரோ முகத்தை ஒட்டிவைத்து மூச்சு விட்டிருக்கிறார்கள். அந்த வட்டம் அவள் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

அன்று மதியம், மங்கலான அந்தக் கொஞ்ச நேர வெளிச்சத்தில் விறகெடுக்கப் போனாள். துப்பாக்கி தோளில் இருந்தது. மரங்களுக்குள்ளிருந்து கண்ணாடித் துண்டுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஓர் உருவம் நிமிர்ந்து நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் மினுங்கியது.

"வர்ஜில்?" என்றாள். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"யாருன்னு சொல்லு. இல்லன்னா சுடுவேன்."

அது இரண்டு காலிலேயே ஓரடி முன்னால் வைத்தது. சுட்டாள். அது நான்கு காலில் விழுந்து, சலசலவென்று நொறுங்கும் சத்தத்தோடு நேராக ஓடி வந்தது. கையுறைக் கையாலேயே இழுத்து அடைத்து மறுபடியும் சுட்டாள். பன்னிரண்டு தப்படி தூரத்தில் அது சரிந்தது.

வானொலியில் சேதி கேட்டு, சாயங்காலத்துக்குள் வர்ஜில் பனிவண்டியில் வந்து சேர்ந்தான். கிழட்டுக் கரடி, பல் சொத்தை, எலும்பும் தோலும். கொழுப்புச் சேராததால் தூங்க முடியாமல் அலைந்திருக்கிறது. ஆற்றில் உறையாத இடத்தில் இறங்கி ஏறி, ரோமமெல்லாம் பனிக்கட்டிக் கவசமாகியிருந்தது. சின்னத் தோட்டாவாக இருந்தால் இதைத் துளைத்திருக்காது, சரியான துப்பாக்கியைத்தான் வாங்கியிருக்கிறாய் என்று வர்ஜில் பாராட்டினான்.

ஆர்லீன் கரடியின் பின்னங்காலைப் புரட்டிப் பார்த்தாள்; மனிதக் கால் போலவே குதிகாலும் விரல்களும். பிறகு சொன்னாள்.

"நான் கரடின்னு நெனச்சு சுடல வர்ஜில். மனுஷன்னு நெனச்சுதான் சுட்டேன்."

அவன் தலைநிமிராமல் தோலை உரித்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அவள் அங்கேதான் இருந்தாள். வர்ஜிலும் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆற்று வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, தன் பெயரை உரக்கச் சொல்வான். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டான்.