கெஸ்ட் தொங்கினால் திட்டு எனக்கு

கீரை உருவுவதற்கு நடுவே எழுதுகிறேன். அடுத்தவர் கம்ப்யூட்டர் நின்றால் திட்டு வாங்குவதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. நீங்களும் அதில் இருந்தால் நான் சொல்லவே வேண்டாம். எட்டாவதோடு நின்றவள் நான். தமிழில் பதில் சொல்ல ஆள் வேண்டுமென்று, வீட்டிலிருந்தே போன் எடுக்கச் சொல்லிச் சேர்த்தார்கள். எனக்கோ வாய் எழும்பாது. மேலாளர் சொல்லிவிட்டார்: "இன்னொரு புகார் வந்தா வேற வேலை பார்த்துக்கம்மா."

தொங்கிய விருந்தாளி

எங்கள் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் பல வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்கள் குடியிருக்கும். அவற்றுக்கு கெஸ்ட் என்று பெயர். ஒருநாள் போனில், "உங்க கெஸ்ட் ஹேங் ஆயிடுச்சு சார்" என்றேன். தூளியை ஆட்டிக்கொண்டிருந்த மாமியார் பதறி ஓடிவந்தார். "யாரு வீட்டு விருந்தாளிடி தொங்கினது? போலீசுக்குச் சொன்னியா?"

பட்டா

கீழ்வேளூரில் ஒரு ரைஸ்மில்காரர். அவருடைய கெஸ்டில் நெட் போய், பில் போட முடியாமல் நெல் லாரிகள் நின்றன. கெஸ்டுக்குள் இருக்கும் நெட் கார்டே நிஜமில்லை, மென்பொருளால் ஆன பாவனைக் கார்டு. இன்ஜினியர் சகாயராஜ் அண்ணன் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன்: "கெஸ்டுக்குத் தெரிஞ்ச நினைவக எண் வேற, நிஜ எண் வேறங்க. பழைய சர்வே எண், புது எண் மாதிரி. மாத்திக்கொடுக்க நடுவுல ஒரு அட்டவணை இருக்கு. உங்க கார்டு அதைக் கேக்காம எழுதப் போகுது, அதான் பெரிய கம்ப்யூட்டர் தடுக்குது."

வயல் எல்லைக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பவர் அவர். கத்தினார்: "என் இடத்துல நான் எழுத, என்கிட்டயே பட்டா கேக்கறியா?"

வரப்பு

சாயங்காலம் மறுபடி லைனில் வந்தார். "அந்த அட்டவணையைத் தூக்கிடு. இல்லேன்னா மேலே புகார்தான்."

தூக்கினால் நெட் வரும், என் வேலையும் நிலைக்கும். ஆனால் கார்டு எழுதுவது பக்கத்து கெஸ்டில் போய் விழலாம்; அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் கணக்கு இருக்கிறது. "முடியாதுங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "தூக்கினா உங்க கார்டு பக்கத்துக்காரர் இடத்துல எழுதிடுமுங்க" என்றேன்.



"அப்ப அவன் கார்டும் என் இடத்துல எழுதுமா?"

"அவரும் தூக்கச் சொன்னா எழுதுமுங்க."

"தொடாதே! வரப்பு ஒரு விரக்கடை நகந்தாலும் நான் விடமாட்டேன்!"

அட்டவணையைக் கேட்டே எழுதும்படி அண்ணன் அந்தக் கார்டைத் திருத்தினார், லாரிகள் நகர்ந்தன. ஆக, இந்தத் தொழிலில் எல்லாவற்றையும் மாற்றிக்கொடுக்க நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது, திட்டு மட்டும் மாறாமல் நேரே நம் காதில்... இருங்கள், அண்ணன் லைனில் கூப்பிடுகிறார். "சாந்தி, மில்காரர் லைன்ல வந்திருக்காரு. இனிமே உன்கிட்ட மட்டும்தான் பேசுவாராம், மேலாளர்கிட்டயே சொல்லிட்டாரு." வேலை தப்பித்தது, இனி என் காதுதான் தப்பாது.