வெயிலில் காயப்போட்ட டேப்புகள்

கார் நிறுத்துமிடத்தில் பழைய பேனர் ஒன்றை விரித்து, அதன் மேல் எங்கள் பேக்கப் டேப்புகளைக் கருவாடு மாதிரி வரிசையாகக் காயவைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்கே ஈப்போ வெயில் சுள்ளென்று அடித்தது. அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

நான் அப்போது ஒரு தோட்ட நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். நிறுவனத்துக்கு ஒரு காலத்தில் சிலிம் ரிவர் பக்கமும் பத்து காஜா பக்கமும் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. அவை செம்பனை எண்ணெய்ப் பயிருக்கும் வீடமைப்புக்கும் போனபோது, தோட்ட ஆபீஸ்களின் பழைய பதிவேடுகள் லாரியில் எங்களிடம் வந்து சேர்ந்தன. யார் எந்த லயத்து வீட்டில் குடியிருந்தார்கள், எப்போது பால்வெட்டுக்குச் சேர்ந்தார்கள், தோட்ட ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன குழந்தை பிறந்தது, எல்லாம் அவற்றில் இருந்தன. அத்தனையையும் ஸ்கேன் எடுத்தோம். எடுத்த கையோடு பதிவேடுகளைப் பழைய பேப்பர் வாங்குகிறவரிடம் போட்டுவிட்டார்கள். பிறகு சர்வரில் இடம் போதவில்லை என்று அதிலிருந்த படங்களையும் நீக்கச் சொன்னார்கள். மிஞ்சியது டேப்பில் இருந்த இரண்டு பிரதிகள்.

இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தன. ஒன்று கீழ்த்தளத்து ஸ்டோரில், இரும்பு அலமாரியின் அடித்தட்டில். இன்னொன்று முதல் மாடியில், பேன்ட்ரியை ஒட்டிய அறையிலிருந்த தீப்பிடிக்காத பெட்டகத்தில். அந்தப் பெட்டகம் காகிதத்துக்காகச் செய்தது. காகிதம் கருகுவதற்கு ரொம்ப முன்னாலேயே டேப் சூட்டில் கெட்டுவிடும். போதாததற்கு, தீயில் அந்த மாதிரிப் பெட்டகத்தின் சுவரே உள்பக்கம் ஈரத்தைக் கக்கும். டேப்புக்கென்று செய்த பெட்டகம் வேண்டும், ஒரு பிரதியையாவது பத்து காஜா கிளைக்கு அனுப்ப வேண்டும் என்று மேலாளருக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றாவது முறை என் மேசைக்கே வந்து, "ஆபீஸ்ல யாரும் சிகரெட்கூட பிடிக்கிறதில்ல. நீ ரொம்ப பயப்படுறலா. எரியிறப்ப பாத்துக்கலாம்" என்றார். சரி, அலமாரியிலாவது மேல்தட்டுக்கு மாற்றுகிறேன் என்றேன். மேல்தட்டு தீபாவளிப் பரிசுக்கூடை ஹாம்பர்களுக்கு வேண்டுமாம்.

அந்த நாட்களில்தான் ஓர் அக்கா எங்களைத் தேடி வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செய்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் இன்றுவரை சிவப்பு ஐசி அடையாள அட்டைதான்; இந்த நாட்டில் பிறந்தும் குடியுரிமை இல்லை. தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவில் தன் பெயர் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். டேப்பைப் போட்டுத் தேடினேன். இருந்தது. தாய் பெயர், லயத்தின் எண், பெண் குழந்தை என்று ஒரு வரி. வெளியாளுக்கு நகல் கொடுக்க மேலாளர் கையெழுத்து வேண்டும். அதற்கான விண்ணப்பப் பாரத்தை அவர் மேசையில் வைத்தேன். விதிப்படி, திரையில் எடுத்த பக்கத்தை அழித்தேன். அதற்காக என்னையும் நான் மன்னிக்கவில்லை. பாரம் மூன்று வாரம் அங்கேயே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பேன்ட்ரியில் வயர் பற்றி எரிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொம்பா, தீயணைப்புக்காரர்கள், வந்து தண்ணீர் அடித்து அணைத்தார்கள். அடித்த தண்ணீர் முழுக்கக் கூரைப் பலகை வழியாக ஸ்டோருக்குள் இறங்கியது. நான் பாகான் செராயில் என் கூடப்பிறந்த அக்கா வீட்டில் இருந்தேன். சின்ன விபத்து, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று செய்தி வந்தது. மனசு கேட்காமல் ஞாயிறு காலையிலேயே கிளம்பி வந்தேன். வந்து பார்த்தது அந்தப் பேனரைத்தான்.

மேலாளர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த டேப்பைச் சூட்டில் காயவைத்தால் சுருண்டிருக்கும் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது என்றேன்.

"தண்ணி காயணும்ல? பின்ன எப்படி?"

"மூணு தடவை எழுதினேன் பாஸ். அப்ப கேக்கல. இப்பவாச்சும் கை வைக்காம விடுங்க."

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை. அவர் காருக்குப் போய்விட்டார். நானும் துப்புரவு வேலை செய்யும் அண்ணனும் டேப்புகளைப் பொறுக்கினோம். ஸ்டோர் அலமாரியில் மீதிப் பாதி டேப்புகள் இன்னும் தண்ணீரிலேயே கிடந்தன. வெயிலில் காய்ந்ததைத் தனியாகவும் நனைந்ததைத் தனியாகவும் பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்து, எதையும் மெஷினில் போட்டுப் பார்க்காமல், கோலாலம்பூரில் டேப் மீட்கிறவர்களிடம் கொண்டுபோனேன். மாடிப் பெட்டகத்தைத் திறந்தபோது உள்ளேயிருந்த கோப்புகள் லேசான ஈரத்தோடு நன்றாகவே இருந்தன. டேப்புகள் மெழுகு மாதிரி வளைந்திருந்தன.

தண்ணீரில் கிடந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. வெயிலில் போட்டவை ஏறக்குறைய எல்லாமே போயின. அந்த அக்காவின் பக்கம் வெயிலில் போட்டதில் இருந்தது.

எதிர்பாராத பேரிடர் என்று எழுதிய அறிக்கையில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. என் மூன்று கடிதங்களையும் இணைத்து மேலிடத்துக்கு அனுப்பினேன். மேலாளர் இப்போதும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். டேப்புக்கான பெட்டகம் வாங்கினார்கள். அதையும் அதே கட்டடத்தில் வைத்தார்கள். நான் வேலையை விட்டேன்.

விடுவதற்கு முன் அந்தத் தோட்டத்து அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நீ பாத்தேல்ல தங்கச்சி, என் பேர?"

"பாத்தேன் அக்கா."

"அப்ப நீ வந்து சொல்லு."

இருவரும் ஐசி கொடுக்கும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். நான் கண்ணால் பார்த்த வரியை எழுதி, சத்தியப் பிரமாணமாகக் கொடுத்தேன். அதிகாரி வாங்கிக் கோப்பில் வைத்தார். பரிசீலிக்கிறார்களாம். அக்கா மாதா மாதம் பஸ் ஏறிப்போய்க் கேட்டுவிட்டு வருகிறார்.