இரவல் போன ஊத்தா

மதுரையில் நான் குடியிருக்கும் மாடி வீட்டின் வராந்தாவில் ஒரு ஊத்தா தொங்குகிறது. அடி அகன்று, மேலே கழுத்துச் சுருங்கி, இரண்டு பக்கமும் திறந்திருக்கும் மூங்கில் கூடை. வற்றிய கண்மாயில் இறங்கி, சேற்றுத் தண்ணீரில் இதை அழுத்திக் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டு உள்ளே அகப்பட்ட மீனைப் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் அழகுக்கு மாட்டியிருப்பதாக நினைத்து எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். வாங்கவில்லை, திரும்பி வந்தது என்று சொன்னால் முழுக்கதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் சிரித்து மழுப்பிவிடுவேன். அது என் சித்தியுடையது.

சித்தி என் அம்மாவின் தங்கை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. சாயங்காலம் கம்பெனி வேன் இறக்கிவிடும்போது புருவம் முதல் பாதம்வரை அலுமினியப் பொடி அப்பி, வெள்ளி பூசினாற்போல் இருப்பாள். நேராகக் கண்மாய்க்குப் போய் முங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். எங்கள் பாட்டன்மார் மேலத்தெருக்காரர்களின் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள்; எங்கள் தெருவுக்கென்று கிணறு கிடையாது. உடம்பில் ஒட்டிய பட்டாசு மருந்தைக் கழுவாமல் பிள்ளையைத் தூக்க முடியாது, அடுப்புப் பக்கம் போக முடியாது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் மழை தொடர்ந்து பொய்த்தபோது அரசாங்கப் பணத்தில் கண்மாயைத் தூர் வாரினார்கள். அதற்கென்று ஒரு பாதுகாப்புக் குழுவும் அமைந்தது. மேலத்தெருவைச் சேர்ந்த குழுத் தலைவர் கெட்டவர் அல்ல. வெயிலில் நின்று மடையைச் சரிசெய்ததையும் கரையில் பனங்கொட்டை ஊன்றியதையும் நானே பார்த்திருக்கிறேன். கண்மாய்மீது அவருக்கு உண்மையான பாசம் இருந்தது. அந்தப் பாசத்தில்தான் கரையில் ஒரு பலகை வைத்தார். தண்ணீர் கெடுகிறது, பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் கண்மாயில் இறங்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அடியில் ‘உபயம்’ என்று போட்டு, சித்தி வேலை பார்த்த அதே கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனியில் ட்ரம் கழுவிய தண்ணீர் வரத்துக் கால்வாய் வழியாக இந்தக் கண்மாய்க்குத்தான் வந்து சேர்ந்தது. அதற்கு எந்தப் பலகையும் இல்லை.

“எம்மேல ஒட்டியிருக்கது அவுக மருந்துதானே? உடம்புல வந்தா தீட்டு, வாய்க்கால்ல வந்தா தீர்த்தமா?” என்று சித்தி கேட்டாள். எங்கள் பெண்கள் தாலுகா ஆபீசுக்குப் போய் முறையிட்டார்கள். தண்ணீரைக் காக்கத்தானே வைத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அதன்பிறகு குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீரில்தான் மருந்தைக் கழுவினார்கள்.

மறு கோடையில் கண்மாய் முழங்காலளவுக்கு இறங்கியதும் மீன் பிடிக்க நாள் குறித்தார்கள். எங்கள் ஊரில் அந்த மீனை விற்கக் கூடாது. அவரவர் பிடித்தது அவரவர் வீட்டுக்கும் உறவுக்கும். அய்யனாரைக் கும்பிட்டுக் கரையிலிருந்து வெள்ளைத் துண்டை வீசிய பிறகே எவரும் இறங்கலாம். ஊரே ஊத்தாவோடு கரையில் நின்றது. எங்கள் தெருப் பெண்கள் வீட்டிலேயே தேய்த்துக் குளித்து ஈரத் தலையோடு வந்திருந்தார்கள். துண்டைக் கையில் எடுத்த தலைவர், “பட்டாசு வேலைக்குப் போறவுகள்லாம் அங்கன ஒதுங்கி நில்லுங்க. நம்ம தண்ணியக் காப்பாத்தத்தான் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீக” என்றார்.

எங்கள் தெரு ஒதுங்கி நின்றது. சித்தி நினைத்திருந்தால் சொல்வதற்கு அவளிடம் விஷயம் இருந்தது. விவசாயம் படுத்த பிறகு மேலத்தெருப் பெண்கள் சிலரும் அதே வேனில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஊருக்கு முன்பே இறங்கி, ஒரு தோட்டத்துப் பம்புசெட்டில் கழுவிக்கொண்டு, வரப்பு வழியாக வீடு சேர்வார்கள். எங்கள் பெண்கள் ஒருநாளும் அவர்களைக் காட்டிக்கொடுத்ததில்லை. அன்றைக்கும் சித்தி கண்மாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது தலைவர் வீட்டு மருமகள் கூட்டத்திலிருந்து விலகி வந்து சித்திக்குப் பக்கத்தில் நின்றாள். “நானும் அந்த வேலைக்குத்தானே மாமா போறேன்” என்றாள். பிறகு இன்னொருத்தி வந்தாள், அவளுக்குப் பின்னால் மூன்று நான்கு பேர். தலைவர் துண்டை மடித்தார், மறுபடி பிரித்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா வெட்கமா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. கடைசியில் யாரையும் பார்க்காமல் வீசினார். எல்லோரும் இறங்கினோம்.

மருமகள் தன் ஊத்தாவை அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்திருந்தாள். சித்தி தன்னுடையதை அவள் கையில் கொடுத்துவிட்டு, சேலையை விரித்து மீன் பிடித்தாள். இரவல் வாங்கிய ஊத்தாவை எங்கள் ஊரில் வெறுமனே திருப்பமாட்டார்கள்; ஒரு மீனாவது சேர்த்து, வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்த்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் அவளை வேலைக்கு விட்டார்களே தவிர, எங்கள் தெருவுக்கு வர விடவில்லை. “ஊத்தா பத்திரமா இருக்குக்கா, கொண்டாந்து தாரேன்” என்று வேனில் சொல்வாளாம். “மீனோட கொண்டா தாயி” என்று சித்தி கேலி செய்வாளாம். பலகையை யாரும் பிடுங்கவில்லை. எங்கள் பெண்கள் மறுபடி கண்மாயில் இறங்கியபோது அதைக் காட்டி யாரும் தடுக்கவும் இல்லை.

அடுத்த வருடம் மழையே இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. தீபாவளி சீசனில் மருந்து கலக்கும் அறையில் பிடித்த தீ பக்கத்து அறைக்கும் தாவியது. சித்தி வீடு திரும்பவில்லை.

கருமாதிக்கு முன்பு ஒரு மத்தியானம், எல்லோரும் பார்க்க, தலைவர் வீட்டு மருமகள் எங்கள் தெருவுக்குள் வந்தாள். ஒரு கையில் ஊத்தா, மறு கையில் சிவகாசி மார்க்கெட்டில் வாங்கிய கெண்டை மீன். துக்க வீட்டுக்கு மீன் கொண்டுவரக் கூடாதென்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி சத்தம் போட்டாள். மருமகளோ வாசலில் நின்று, “வெறும் ஊத்தாவாக் குடுக்கக் கூடாதுல்லக்கா” என்று சொல்லி அழுதாள். அம்மா எழுந்து போய் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். கருமாதிவரை காத்திராமல் அன்றைக்கே குழம்பு வைத்தாள். அந்த மருமகளையும் எங்களோடு உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கண்மாய்க் கரையில் புதிய பலகை நிற்கிறது, வேறொரு கம்பெனியின் உபயம். வரத்துக் கால்வாய்த் தண்ணீர் இன்னமும் சாம்பல் நிறத்தில்தான் வருகிறது. மதுரைக்குத் திரும்பியதும் ஊத்தாவை இறக்கித் தூசி துடைத்தேன். கழுத்துப் பக்கம், கை பிடிக்கும் இடத்தில், மூங்கில் இடுக்கில் கொஞ்சம் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கிறது. சித்தியின் கையிலிருந்து வந்ததா, அந்த மருமகளின் கையிலிருந்தா என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்தை மட்டும் நான் துடைப்பதில்லை.