ஐஸ் கம்பெனிக்கு வந்த உலை நிபுணர்

அரசப்பன் வெயிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். இருக்காதா பின்னே? கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில், இரும்பு பழுக்கிற உலைக்கு முன்னால் நின்றே இளமையைக் கழித்தவர். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடப் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஃபேன் எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தார் என்று அவர் மனைவி குணசுந்தரி இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். அரசப்பன் மறுப்பதில்லை. "ஃபேன் நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்.

மில்லை விட்டு வந்ததும், இந்தப் பக்கத்திலேயே குளிர்ச்சியான தொழில் எது என்று விசாரித்தார். ஏசி அறையில் உட்காரும் வேலைக்கெல்லாம் படிப்பு கேட்டார்கள். ஐஸ் ஒன்றும் கேட்கவில்லை. சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்துத் தெருவில் ஷெட் போட்டு, குளிரூட்டிய உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தகர டின்களை இறக்கி, மீன்காரர்களுக்கு ஐஸ் பார் போட ஆரம்பித்தார். உறைந்த பார்களை அடுக்கி வைக்க ஒரு ஐஸ் ரூம். பிற்பகல் சாப்பாடு முடிந்ததும் அரசப்பன் அதற்குள் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஊரில் பலர் வாழ்நாள் முழுதும் தேடுகிற நிம்மதியை அவர் உப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

நிம்மதிக்கு ஆபத்து ஆரம்பாக்கத்திலிருந்து வந்தது. அதன் பெயர் லட்சுமியம்மாள்.

லட்சுமியம்மாள் பழவேற்காடு ஏரி மீனும் இறாலும் வாங்கிச் சென்னை மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். அரசப்பனின் ஐஸில் பெரும்பகுதி அவர் வண்டிகளில்தான் ஏறும். அந்தம்மா நின்றுவிட்டால் கம்பெனியும் நின்றுவிடும். கம்பெனி நின்றால் அரசப்பன் மறுபடி அதே உலைக்கு முன்னால், காண்டிராக்ட் ஆளாக, அதுவும் ஒரு காலத்தில் தனக்கு டீ வாங்கி வந்தவனைச் சூப்பர்வைசர் சார் என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு நாள் காலை லட்சுமியம்மாள் வண்டியிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்தார்.

"இன்னா நைனா, ஐஸு விக்கிறியா, தண்ணி விக்கிறியா? வண்டி காரனோடையே தாண்டல, பொட்டி பூரா கொளம். மடவை மீனு நீச்சல் அடிச்சிகினு மார்க்கெட்டுக்குப் போவுது."

"வெயிலு ஜாஸ்தி அம்மா."

"வெயிலு இல்லாட்டி ஒங்கிட்ட இன்னாத்துக்கு வரேன்? அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பறம் தடா பக்கம் போயிடுவேன், சொல்லிட்டேன்."

தடா ஆந்திரா. ஆரம்பாக்கத்துக்குக் கூப்பிடு தூரம். அன்று ஐஸ் ரூமில் உட்கார்ந்தும் அரசப்பனுக்கு வேர்த்தது.

"செவ்வாப்பேட்டையில பென்னி கீறாரு. ஐஸ் மிஷினு, கோல்டு ஸ்டோரேஜு எல்லாம் அவுருதான் பாக்கறாரு. ஒரு போன் போடு" என்றார் குணசுந்தரி.

"அவன் ரெண்டு டிரெயின் மாறி வர்றவன்."

"அதனால இன்னா? டிரெயின்ல வர்றவங்க கைல ஐஸு ஒறைய மாட்டேன்னு சொல்லிச்சா?"

"எக்ஸ்பர்ட்டுன்னா ஒரு இது வேணாவா? வந்து எறங்குனா தெருவே பாக்கணும்."

இங்கே அந்தத் தெருவின் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். எந்தக் கம்பெனி வெளியிலிருந்து நிபுணரை வரவழைத்தாலும் அவர் மற்ற கம்பெனிகளிலும் ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பலாம். இல்லையென்றால் தெரு கோபித்துக்கொள்ளும். ரப்பர் கம்பெனிக்கு வந்த ஏற்றுமதி ஆலோசகரிடம் பக்கத்து மாவு மில்காரர் எலித்தொல்லைக்கு வழி கேட்டார். அவரும் சொன்னார். பெயின்ட் கம்பெனிக்கு வந்த வக்கீல் ஆணி கம்பெனி முதலாளியின் பேத்திக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனார். நிபுணர்களிடம் இருக்கிற ஒரே கெட்ட குணம், கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அந்த வாரம் தெருவில் புகழின் உச்சியில் இருந்தவர் டாக்டர் துளசிராமன். எதிர்ச் சாரியில் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் தானியேலுக்கு உலையைச் சீர்செய்து, எண்ணெய்ச் செலவைக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைத்தவர். வெள்ளைக் காரில் வருவார். இறங்கும்போது டிரைவர் கதவைத் திறப்பார். அரசப்பன் அந்தக் கதவிலேயே மயங்கிவிட்டார்.

துளசிராமன் ஐஸ் கம்பெனிக்குள் நுழைந்து, தொட்டியைப் பார்த்து, பார்களைப் பார்த்து, கடைசியில் அரசப்பனைப் பார்த்தார்.

"சார், தப்பான இடத்துக்கு கூட்டிட்டு வந்துட்டீங்க. நான் ஃபர்னஸ் ஆளு. எனக்கு சூடு பண்ணத்தான் தெரியும். ஐஸ் பத்தி ஒண்ணும் தெரியாது."

ஒரு நிபுணர் தன் வாயால் இதைச் சொல்லி அந்தத் தெரு கேட்டதில்லை. அரசப்பனுக்கு மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது.

"அதான் சார் வேணும். சூடு எப்டி வருதுன்னு தெரிஞ்சவருக்கு அது எப்டிப் போவும்னு தெரியாதா? நீங்க ஃபர்னஸுக்கு இன்னா சொல்வீங்களோ அத்தச் சொல்லுங்க. நாங்க உல்டா பண்ணிக்கறோம்."

"உல்டாவா?"

"ஆமா சார். நீங்க கெழக்கன்னா நாங்க மேற்கு."

"சார், நீங்க கெளம்பிடுங்க சார். இவுரு வெளாட்டுக்குச் சொல்லல" என்றார் குணசுந்தரி.

துளசிராமன் கிளம்பியிருப்பார். ஆனால் அவருக்கும் ஒரு குறை இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்த முதலாளியும் அவர் பேசுவதை முழுசாகக் கேட்டதில்லை. பாதியிலேயே போன் வரும், எழுந்து போவார்கள். இங்கே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு நிற்கிறார். மனிதர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் பேசினார்.

உலைக் கதவை இறுக்கி மூட வேண்டும். இடுக்குகளையெல்லாம் அடைக்க வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. பற்ற வைத்தால் ஒரே சீராக எரிய வேண்டும், அணைத்து அணைத்து ஏற்றக் கூடாது. உள்ளே அனுப்புகிற காற்றை முன்கூட்டியே சூடாக்கி அனுப்பினால் பாதி வேலை மிச்சம். பக்கத்தில் நிற்கிறவர்கள் உடம்பை முழுக்க மூடிக்கொள்ள வேண்டும். பேசி முடித்தபோது அவர் முகத்தில் கச்சேரி முடித்த களை.

அரசப்பன் கடைசிக்கு முந்தைய விஷயத்தில் முதலில் கை வைத்தார். காற்றைச் சூடாக்கி அனுப்பு என்றால், உல்டா என்ன? தண்ணீரைக் குளிர வைத்து அனுப்பு. மொட்டைமாடியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த கறுப்புத் தொட்டித் தண்ணீரை நிறுத்திவிட்டு, நிழலில் இருக்கும் தரைத்தொட்டித் தண்ணீரை டின்களில் நிரப்பினார். அந்த ஐஸ் வண்டி ஏறிய மறுநாள் லட்சுமியம்மாளிடமிருந்து போன்.

"நேத்து ஐஸு பரவால்ல நைனா. செங்குன்றம் வரைக்கும் வந்துச்சு."

அவ்வளவுதான். உலகத்தில் ஒரு கொள்கை அழிவதற்குக் காரணம் அது தோற்பது இல்லை, முதல் நாள் ஜெயித்துவிடுவதுதான். "பாத்தியா?" என்று மனைவியைப் பார்த்தார் அரசப்பன். "உல்டா வேல செய்யுது!" மிச்சம் இருந்த அறிவுரைகளையெல்லாம் ஒரே மூச்சில் புரட்டிப் போட்டார்.

கதவை இறுக்கி மூடு என்றாரா? ஐஸ் ரூம் கதவைக் கழற்றிச் சுவரில் சாத்தி வைத்தார். இடுக்கை அடை என்றாரா? இடுக்கில் இருந்த தெர்மோகோலைப் பிடுங்கினார். அடிக்கடி பார்க்காதே என்றாரா? தொட்டிமேல் போட்டிருந்த மரப்பலகைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு, எதற்கு மூட வேண்டும், எப்படியும் திரும்பத் தூக்கத்தானே போகிறோம் என்று பலகைகளை ஓரமாக அடுக்கிவிட்டார். சீராக ஓட்டு என்றாரா? கம்ப்ரசரை மனம் போனபோது நிறுத்தி, மனம் போனபோது போட்டார். மின்விசிறிக்கு ஓய்வு கொடுப்பது போல.

உடம்பை மூடு என்ற அறிவுரைதான் தொழிலாளிகளுக்குச் சோதனையாக வந்தது. ஐஸ் பார் தூக்க அவர்கள் தோளில் சாக்குப்பை போட்டுக்கொள்வது வழக்கம். அரசப்பன் சாக்கையும் கழற்றச் சொன்னார், பனியனையும் கழற்றச் சொன்னார்.

"மொதலாளி, ஐஸு ஒறையுதோ இல்லியோ, நாங்க ஒறைஞ்சிடுவோம்."

"எக்ஸ்பர்ட்டு சொன்னத அவுத்துப் பாக்காம பேசாத."

"சட்டையத்தான் அவுத்துட்டோமே மொதலாளி."

குணசுந்தரி வாசலில் நின்று, ஷெட்டுக்குள்ளிருந்து சாக்கடை நோக்கி நிதானமாக ஓடி வரும் தண்ணீரைப் பார்த்தார். "யோவ், ஐஸு வெளிய நடந்து போவுதுய்யா."

"மொதல்ல அப்டித்தான் இருக்கும். உள்ள இருக்கற சூடு எறங்குது."

வெள்ளிக்கிழமை லட்சுமியம்மாள் வந்தபோது புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டியிருந்தது. ஐஸ் ரூமில் பார்கள் சோப்புக் கட்டி தேய்ந்த மாதிரி கிடந்தன. டின்களில் ஐஸே இல்லை, ஓரத்தில் கண்ணாடி போல ஒரு ஏடு, நடுவில் தண்ணீர். இரண்டு தொழிலாளிகள் வெற்று உடம்போடு பல் தந்தியடிக்க மூலையில் நின்றார்கள்.

"இன்னா நைனா இது, ஐஸ் கம்பெனியா, ஆத்தங்கரையா?"

அரசப்பன் அவர் உட்கார ஒரு டின்னைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் வெள்ளைக் கார் நின்றது. தானியேலின் உலையைப் பார்க்க வந்த துளசிராமன், தான் சொன்னதை முழுசாகக் கேட்ட ஒரே முதலாளியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசையாக நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றார்.

"ஐயோ, கதவ யாரு தெறந்து போட்டது?"

"நீங்கதான் சார் மூடச் சொன்னீங்க" என்றார் அரசப்பன்.

"ஆமா, மூடத்தானே சொன்னேன்!"

"அதான் சார் தெறந்தேன்."

துளசிராமன் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், கதவுக்கு சூடு, குளிரு எல்லாம் தெரியாது. உள்ள இருக்கறது உள்ள, வெளிய இருக்கறது வெளிய. ரெண்டுக்கும் ஒரே கதவுதான். அத உல்டா பண்ணக் கூடாது."

"அப்போ தண்ணி விஷயம் உல்டா பண்ணேன், நல்லா வந்துச்சே?"

"அது உல்டா பண்ண வேண்டியதுதான்."

"அப்போ சிலது உல்டா, சிலது நேரா?"

"ஆமா."

"எது எது சார்?"

துளசிராமன் நல்ல மனிதர் என்பது இந்த இடத்தில்தான் தெரிந்தது. நேராகவே சொன்னார். "அத சொல்றதுக்குத்தான் சார் ஐஸ் தெரிஞ்ச ஆளு வேணும்."

குணசுந்தரி போனை எடுத்துச் செவ்வாப்பேட்டைக்குப் போட்டார்.

லட்சுமியம்மாள் இதையெல்லாம் ஒரு கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கோபமாகத்தான் இருந்தார். 'அதான் சார் தெறந்தேன்' என்ற இடத்தில் முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"இன்னிக்கி தடாவுல வாங்கிக்கறேன்" என்று எழுந்தார். "அந்த ஊர்க்காரன் ஐஸு நல்லாத்தான் கீது. ஆனா மூஞ்சியக் காட்ட மாட்டான், கம்முனு டப்பு எண்ணுவான். இங்க வந்தா சிரிக்கவாச்சும் சிரிக்கறேன். ஞாயித்துக்கெழம ஒரே ஒரு தபா வருவேன். ஐஸு மார்க்கெட்டு வரைக்கும் வந்துச்சுன்னா நீ. இல்லன்னா தடா."

பென்னி மறுநாள் நாஷ்டா வேளையில் வந்தார். இரண்டு டிரெயின் மாறி, ஷேர் ஆட்டோவில் தொங்கி, பையோடு இறங்கினார். தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்து தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். உப்புத் தண்ணீரைக் கலக்குகிற விசிறி சுற்றாமல் நின்றிருந்தது, பெல்ட் நழுவிக் கிடந்தது. தண்ணீரில் உப்பும் போதவில்லை; குளிர் டின்வரைக்கும் போக வழியே இல்லை.

"எந்த அறிவு கெட்டவன் இந்த விசிறிய இப்டி மாட்டுனது? கைல கெடச்சான், தோல உரிச்சிடுவேன்!"

"நீதான் பென்னி" என்றார் அரசப்பன். "கம்பெனி ஆரம்பிக்கறப்போ நீதான் வந்து மாட்டுன."

பென்னி நழுவிய பெல்ட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "அப்போ போட்டது நல்ல பெல்ட்டு" என்றார்.

பெல்ட் மாறியது. உப்பு மூட்டை மூட்டையாக இறங்கியது. பலகைகள் தொட்டிமேல் ஏறின, கதவு கீலில் உட்கார்ந்தது, தெர்மோகோல் இடுக்குக்குத் திரும்பியது, பனியன்கள் உடம்புக்குத் திரும்பின. போகும்போது பென்னி சொன்னார்: "கம்ப்ரசர நிறுத்தாதீங்க. ஐஸ் ரூம தேவயில்லாம தெறக்காதீங்க. உப்ப மாசாமாசம் பாருங்க."

அரசப்பன் அவர் தோளைத் தொட்டுத் தனியே அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இத்த அப்டியே செய்யணுமா, மாத்திச் செய்யணுமா?"

"இன்னாண்ணா?"

"இல்ல, கேட்டுக்கறது நல்லது பாரு."

ஞாயிற்றுக்கிழமை ஐஸ் ஏறியது. வண்டி கிளம்பியதிலிருந்து அரசப்பன் போனையே கையில் வைத்துக்கொண்டு நடந்தார். காரனோடை தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டார், போன் வரவில்லை. செங்குன்றம் தாண்டியிருக்கும், வரவில்லை. கடைசியில் மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவிலிருந்து லட்சுமியம்மாள் கத்தினார்.

"பொட்டியத் தெறந்தா கல்லு மாதிரி கீது நைனா! கொத்தி எடுக்கறதுக்கு கத்தி தேடிகினு கீறாங்க!"

"அப்போ நம்ம கிட்டயே எடுத்துக்கறீங்களாம்மா?"

"எடுத்துக்கறேன். ஒரு கண்டிசன். ஐஸ் ரூம் சாவி ஒன் சம்சாரங்கிட்ட இருக்கணும். நீ உள்ள போவக் கூடாது. போனன்னு தெரிஞ்சா, தடா."

அப்படியாக, குளிருக்காகவே ஐஸ் கம்பெனி வைத்த அரசப்பன், அந்த ஐஸ் ரூமுக்குள் நுழையும் உரிமை இல்லாத ஒரே ஆளாக இப்போது வெளியே உட்கார்ந்திருக்கிறார். ஸ்டூல் மட்டும் அவரோடு வந்துவிட்டது. மத்தியானம் தகரக் கூரையின் சூடு உச்சந்தலையில் இறங்கும்போது பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு, சாவியை இடுப்பில் செருகியிருக்கும் மனைவியைக் கேட்பார்.

"உள்ள ஐஸு எப்டி கீது?"

"நல்லா கீது."

"தெறந்து பாத்தியா?"

"தெறக்காததாலதான்யா நல்லா கீது."