பதினெட்டு போல்ட்

அந்த சர்வீஸ் சென்டரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர் என்றால்தான் தெரியும். வண்டி வாசலுக்குள் நுழையும்போதே பெட்ரோல் கசிகிறதா, கிளட்ச் கருகுகிறதா என்று முகர்ந்தே சொல்லிவிடுவார். அதனால் வந்த பட்டம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்னது தப்பியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான். வீட்டில் மனைவி மட்டும், "இந்த மூக்க வெச்சுக்கிட்டு அடுப்புல பால் தீயறது தெரியலையா?" என்று காலை வாருவாள்.

அவர் கைக்கு அதிகம் வந்தது ஒரே மாதிரி வண்டி. இரண்டே இருக்கை, தரையைத் தடவிக்கொண்டு ஓடுகிற ஸ்போர்ட்ஸ் கார். தெருவில் போனால் திரும்பிப் பார்க்காதவர் கிடையாது. அதன் லட்சணம் மெக்கானிக்குகளுக்குத்தான் தெரியும். மழை பெய்தால் டிக்கிக்குள் குளம் கட்டும். ஜன்னல் கண்ணாடி பாதி ஏறி மக்கர் பண்ணும். கிளட்ச் இரண்டு வருஷம் தாங்கினால் அதிசயம். "வாங்கறவங்களுக்கு வண்டி மேல ஆசை, வண்டிக்கு நம்ம மேல ஆசை" என்பார் மூக்கர்.

இதெல்லாம் தொல்லை, ஆளைக் கொல்லாது. ஆனால் கம்பெனியிலிருந்து ஒருநாள் வந்த சுற்றறிக்கை வேறு சங்கதி. இன்ஜினுக்குப் பின்னால் போகும் பெட்ரோல் குழாய் ஓர் இரும்புத் தாங்கியில் உரசுகிறதாம். உரசி உரசி ஓட்டை விழுந்தால் கொதிக்கிற இன்ஜின் மேல் பெட்ரோல் கொட்டும். அதனால் விற்ற வண்டிகளைத் திரும்ப வரவழைத்து, வண்டியின் வயிற்றை மூடியிருக்கும் அடித்தகட்டைக் கழற்றி, குழாயைக் கண்ணால் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ரீகால் என்பது அதுதான்.

அடித்தகட்டில் பதினெட்டு போல்ட். அத்தனையும் துருப்பிடித்துக் கிடக்கும். திருகினால் தலை மட்டும் கையோடு வரும். மிச்சத்தைத் துளைத்தெடுக்க அரை நாள் ஆகும். கம்பெனி ஒரு வண்டிக்குக் கொடுத்ததோ நாற்பது நிமிஷம். ஏசி அறையில் உட்கார்ந்து அந்தக் கணக்கை எழுதிய மகராசன் ஒரே ஒரு போல்ட்டையாவது தொட்டுப் பார்த்திருக்கலாம்.

முதல் வாரமே மூன்று வண்டிகளில் போல்ட் முறிந்தது. மேனேஜர் குதித்தார். நாலாவது வண்டியில் மூக்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடுக்கில் தோள்வரை கையை விட்டுக் குழாயைத் தடவினார். ஈரம் இல்லை. விரலை முகர்ந்தார். பெட்ரோல் வாடை இல்லை. "சுத்தம்" என்றார். தாளில் 'அடித்தகடு கழற்றிப் பார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அப்படியே நாற்பத்தோரு வண்டிகள் போயின. அங்கே யாரும் சோம்பேறி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கர் முகர்ந்து சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நிஜமாகவே நம்பினார்கள். அவரும் நம்பினார். வயிற்றெரிச்சலே அதுதான். குழாய் தேய்வது மேல்பக்கம், விரல் எட்டுவது கீழ்ப்பக்கம். அதுபோக, ஓட்டை விழுகிற நிமிஷம்வரை அந்தக் குழாய் காய்ந்துதான் இருக்கும். இல்லாத கசிவை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்?

எட்டு மாதம் கழித்து அந்த நாற்பத்தொன்றில் ஒன்று, ஒரு பல் டாக்டரின் வண்டி, நெடுஞ்சாலையில் தீப்பிடித்தது. அவரால் வெளியே வர முடியவில்லை. எரிந்த கூட்டை சர்வீஸ் சென்டரின் பின்கொட்டகையில் கொண்டுவந்து போட்டார்கள். அடித்தகடு உருகிப் போயிருந்ததால், மூக்கர் அந்தக் குழாயை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார். மேல்பக்கம் நகக்கண் அளவுக்கு ஒரு ஓட்டை. சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் அவரைக் கையைப் பிடித்து எழுப்பினார். "பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கு. மனுஷன் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டியிருக்காரு. அவ்வளவுதான். நீங்க வாயத் திறந்தா நம்ம எல்லாரும் உள்ள போகணும்."

"மீதி நாப்பது வண்டி இருக்கே சார்?"

"அதுவும் பேப்பர்ல முடிஞ்சுபோச்சு."

மூக்கர் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. தெருவில் அந்த மாதிரி வண்டி ஒன்று கடந்து போனால், நாற்பதில் ஒன்றா என்று நம்பரைப் பார்ப்பார். மனைவியிடம் மட்டும் ஒரு காலையில் கொட்டித் தீர்த்தார். அவள், "அந்த டாக்டர் வீட்டம்மாவுக்கு இதை யாரு போய்ச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

பத்தாம் நாள் அந்த வீட்டம்மாவே வந்து நின்றார். சர்வீஸ் தாள்களின் நகல் வேண்டுமாம். மேனேஜர் மூக்கரைக் கண்ணால் எச்சரித்துவிட்டு நகல் எடுக்க உள்ளே போனார். வரவேற்பு அறையில் அவர்கள் இருவர்தான்.

"எல்லாரும் அவரு கண்டபடி ஓட்டினாருன்னு சொல்றாங்க. கூடப் பிறந்த தம்பியே சொல்றாரு," என்றார் அந்த அம்மா. "அவரு அறுபதத் தாண்ட மாட்டாருங்க. இப்படி உருட்டறதுக்கு எதுக்கு இந்த வண்டின்னு நானே கிண்டல் பண்ணுவேன். நான் கேக்க வந்தது ஒண்ணுதான். தப்பு அவரு மேலயா?"

மூக்கர் இல்லை என்று ஒரு வார்த்தையில் நிறுத்திக்கொண்டிருக்கலாம். "இல்லம்மா. என் மேல," என்றார். பதினெட்டு போல்ட்டையும், இடுக்கில் விட்ட கையையும், டிக் அடித்த கட்டத்தையும் ஒன்று விடாமல் சொன்னார்.

அந்த அம்மா அழவில்லை, கத்தவில்லை. "ஊரே அவரத் திட்டினப்ப நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"ஆமாம்மா."

"உங்கள நான் மன்னிக்க மாட்டேன்."

"வேண்டாம்மா."

"இதே மாதிரி எத்தனை வண்டி இருக்கு?"

"நாப்பது." சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். ஓட்டுபவர்களின் பெயரும் போன் நம்பரும் அவர் கைப்பட எழுதியவை. எழுதி நான்கு நாள் ஆகியிருந்தது. ஒருவருக்குக்கூடக் கூப்பிடத் தைரியம் வரவில்லை.

அந்த அம்மா தாளை மடியில் விரித்துக்கொண்டு முதல் நம்பரைத் தன் போனில் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். வண்டியில் ரீகால் வேலை நடக்கவே இல்லை, உடனே எடுத்துவர வேண்டும் என்றார்.

எதிர்முனையில் ஒரு ஆண்குரல் சிரித்தது. "அட, அது எப்பவோ முடிஞ்சுதுங்க. மூக்கரே பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அவரு சொன்னா அப்பீலே இல்ல. பொண்ண ஸ்கூல்ல விட இந்த வண்டியிலதான் ஏறி உக்காந்திருக்கோம், வெச்சுடட்டுமா?"

அந்த அம்மா மூக்கரின் முகத்தைப் பார்க்காமலே போனை அவர் பக்கம் நீட்டினார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நகல்களோடு நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மூக்கர் போனை வாங்கினார்.

"கையெழுத்துப் போட்டவன்தாங்க பேசறேன். நான் அதப் பாக்கவே இல்ல. முதல்ல பொண்ண எறக்கி வீட்டுக்குள்ள அனுப்புங்க. சாவியத் தொடாதீங்க."